பொட்டலமும் விவரச்சீட்டும்: விட்பியின் லைக்கன்களைப் பதிந்து வைப்பது யார்?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்து விட்பியில் லைக்கன் இல்லாத தெருவைக் காண்பது அரிது. வீட்டு முன்றிலில் நிற்கும் மேப்பிளின் பட்டையில் சாம்பல் நிற மடல்களாகப் படர்ந்திருப்பதும், ஏரிக்கரைப் பூங்காவின் மர இருக்கையில் மஞ்சள் பூச்சாகத் தெரிவதும், பழைய கல்லறைக் கற்களில் பெயரையும் ஆண்டையும் மூடிக்கொண்டு வட்ட வட்டமாக வளர்வதும் அதுதான். பலர் பாசி என்று எண்ணிக் கடந்துபோகிறார்கள். சிலர் மரத்துக்கு நோய் வந்துவிட்டதென்று மருந்து தேடுகிறார்கள். அது நோயல்ல. மரத்திலிருந்து லைக்கன் எதையும் உறிஞ்சுவதில்லை. ஒட்டிக்கொள்ள இடம் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

இந்த ஊரின் லைக்கன்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, பெயர் கண்டு, ஓர் உலர் தாவரகத்தில் நிரந்தரமாகச் சேர்த்து வைக்க வேண்டுமா என்பதே இங்கே கேள்வி. ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கேமரா இருக்கும் காலத்தில் இது பழங்காலப் பொழுதுபோக்குப் போலத் தோன்றலாம். சேகரிப்பே கூடாது, இயற்கையை அதன் போக்கில் விடவேண்டும் என்போரும் உண்டு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் சேகரிக்கத்தான் வேண்டும் என்பதே என் முடிவு. குறைவாகச் சேகரிக்க வேண்டும். நிறைய எழுதி வைக்க வேண்டும். பொட்டலத்துக்குள் இருப்பதைவிடப் பொட்டலத்தின்மேல் ஒட்டிய சீட்டில் இருப்பதே பல சமயங்களில் பெரிய செல்வம்.

முதலில் இது என்ன உயிர் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூஞ்சை ஒன்றும், ஒளிச்சேர்க்கை செய்யும் பாசியோ நீலப்பச்சை நுண்ணுயிரோ ஒன்றும் சேர்ந்து ஒரே உடலாக வாழ்வது லைக்கன். சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் 1867இல் இதைச் சொன்னபோது துறையின் பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. இன்று அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் டோபி ஸ்பிரிபிலும் அவருடைய குழுவினரும் 2016இல், பல லைக்கன்களின் மேல்தோலில் இன்னொரு வகை ஈஸ்ட் பூஞ்சையும் குடியிருக்கிறது என்று காட்டினார்கள். ஆக, இருவர் குடித்தனம் என்ற பழைய விளக்கமும் முழுதாகச் சரியில்லை. உலகில் ஏறத்தாழ 20,000 இனங்கள் அறியப்பட்டுள்ளன. கனடாவில் மட்டும் 2,500க்கு மேல்.

வேர் கிடையாது. தேவையான நீரையும் உப்புகளையும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் உடல் முழுவதாலும் உறிஞ்சுகிறது. காற்றில் நஞ்சு இருந்தால் அதையும் உறிஞ்சும். உதிர்த்துவிட இலை கிடையாது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத இனங்கள் பல. இந்த மூன்று குணங்களாலும் ஓர் ஊரின் காற்றைப் பற்றிய சாட்சியாக லைக்கன் ஆகிவிடுகிறது. அந்தச் சாட்சியத்தை உரிய நேரத்தில் பதிந்து வைத்தால்தான் பிற்பாடு பயன்படும்.

பாரிஸ் நகரத்தின் கதை இதற்கு நல்ல சான்று. ஃபின்லாந்துக்காரரான வில்லியம் நைலாண்டர் அங்கே லக்சம்பர்க் தோட்டத்து மரங்களில் வளர்ந்த லைக்கன்களை வரிசையாக எழுதி 1866இல் வெளியிட்டார். நகரின் மற்ற இடங்களில் காணாத இனங்கள் அங்கே இருப்பதைக் கவனித்து, காற்றின் தூய்மையை அளக்க லைக்கன் உதவும் என்றார். முப்பது ஆண்டுகள் கழித்து அதே தோட்டத்தில் அவை மறைந்துபோனதையும் அவரே பதிவு செய்தார். நிலக்கரிப் புகை தணிந்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் லைக்கன்கள் அங்கே திரும்பியதை 1990களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். போனது எது, வந்தது எது என்று இன்று நம்மால் சொல்ல முடிகிறதென்றால் 1866இல் ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்ததால்தான். (ஷ்வெண்டனர் சொன்னதைக் கடைசிவரை ஏற்காத பெரியவர்களில் இந்த நைலாண்டரும் ஒருவர். கூர்மையான கண் உள்ளவருக்கும் பிடிவாதம் வரும்.)

வட அமெரிக்காவில் இந்தச் சாட்சியத்தை எடுத்துக் கையாண்டவர்களில் முதன்மையானவர் இர்வின் பிரோடோ. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்தபோது, லைக்கன் ஒட்டியிருந்த பட்டையை வட்டத் துண்டுகளாக வெட்டி, நகரத்துக்கு அருகிலும் தொலைவிலும் உள்ள மரங்களில் பதித்துப் பார்த்தார். நகரத்தை நெருங்க நெருங்க அவை நலிந்தன. 1965இல் ஒட்டாவாவுக்கு வந்த அவர், இன்று கனடிய இயற்கை அருங்காட்சியகம் எனப்படும் நிறுவனத்தின் லைக்கன் தொகுப்பை நாட்டின் முதன்மைத் தொகுப்பாக வளர்த்தார். ஷார்னோஃப் தம்பதியின் படங்களோடு 2001இல் வெளிவந்த அவருடைய வட அமெரிக்க லைக்கன் நூல் இத்துறைக்கு வருவோரின் முதல் புத்தகம். அதன் இனங்காணும் விசைகளை மட்டும் விரிவாக்கி 2016இல் தனி நூலாகவும் கொண்டுவந்தார்கள்.

ஒன்ராறியோவுக்குள்ளேயே இதைவிடக் கடுமையான பாடம் ஒன்று இருக்கிறது. சட்பரியின் நிக்கல் உருக்காலைகள் வெளிவிட்ட கந்தக டைஆக்சைடு சுற்றுவட்டார மரங்களில் என்ன செய்தது என்பதை 1960களில் ஃபேபியஸ் லெப்ளாங்கும் இந்தியாவிலிருந்து வந்த டி. என். ராவும் ஆராய்ந்தார்கள். ஆலைக்கு அருகே பட்டைகள் வெறுமையாக இருந்தன. விலக விலக இனங்கள் கூடின. காற்றின் தூய்மையை லைக்கன், பாசிகளின் எண்ணிக்கையிலிருந்து கணக்கிடும் குறியீட்டு எண்ணை லெப்ளாங்கும் டி ஸ்லூவரும் மொன்றியலை வைத்து 1970இல் வகுத்தார்கள். சட்பரியில் 381 மீட்டர் உயரப் புகைபோக்கி 1972இல் எழுந்தது. பிறகு உமிழ்வே குறைக்கப்பட்டது. லைக்கன்கள் மெல்லத் திரும்பின.

இதெல்லாம் எங்கோ வடக்கே நடந்தது என்று விட்பிக்காரர் நினைக்க வேண்டாம். மிசிசாகாவின் லேக்வியூ நிலக்கரி மின்நிலையம் 2005இல் மூடப்பட்டது. 2014இல் மாகாணம் முழுதும் நிலக்கரி மின்சாரம் நின்றது. கந்தகம் குறைந்தது; ஆனால் வாகனங்களும் வயல் உரமும் தரும் நைட்ரஜன் காற்றில் இருக்கிறது. ஆகவே பழைய காட்டு இனங்கள் அப்படியே திரும்பிவிடவில்லை. நைட்ரஜனை விரும்பும் சிறு இனங்களே தெருமரங்களை முதலில் பிடித்துக்கொண்டன. ஃபிசியா மில்லிகிரானா என்ற சாம்பல் நிறத்ததும், கேண்டலேரியா கான்கலர் என்ற எலுமிச்சை மஞ்சள் நிறத்ததும் ரொறன்ரோவைச் சுற்றிய புறநகர்கள் எங்கும் மலிந்து கிடக்கின்றன. சாந்தோரியா பாரியேட்டினா என்ற செம்மஞ்சள் இனத்தின் கதை இன்னும் சுவையானது. கடலோரத்துக்கு உரியதெனக் கருதப்பட்ட அது ஒன்ராறியோவில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டதைப் பிரோடோவும் உடன் ஆய்வாளர்களும் 2007இல் ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். ‘மீண்டும்’ என்று சொல்லப் பழைய பதிவு வேண்டும். அது இல்லையென்றால் புதிதாக வந்தது என்றுதான் எல்லோரும் எழுதியிருப்பார்கள்.

தெற்கு ஒன்ராறியோவின் லைக்கன்களைத் தொகுத்துப் பாக் யாவ் வோங்கும் பிரோடோவும் 1992இல் வெளியிட்ட பட்டியல் இப்பகுதிக்கு அடிப்படை நூல். பிறகு வந்ததில் ரொறன்ரோ பெரும்பாகத்துக்கு முக்கியமானது, ஒன்ராறியோ பயோபிளிட்ஸ் என்ற 24 மணிநேர உயிரினக் கணக்கெடுப்புகளில் கிடைத்ததை வைத்து டிராய் மக்மல்லினும் பிறரும் 2018இல் எழுதிய கட்டுரை. ரூஜ், ஹம்பர், டான், கிரெடிட் ஆகிய நான்கு ஆறுகளின் படுகைகளை ஆண்டுக்கு ஒன்றாகத் தேடியிருந்தார்கள். நான்கும் விட்பிக்கு மேற்கே இருக்கின்றன. விட்பியின் ஊடாக ஓடி ஏரியில் கலக்கும் லிண்ட் ஓடை அந்தக் கணக்கில் இல்லை.

விட்பியைத் தனியாகப் பார்க்க வேறு காரணங்களும் உண்டு. இங்கே தாய்ப்பாறை வெளியே தெரிவதில்லை. பனியாறுகள் கொண்டுவந்து கொட்டிய மண் அதை மூடியிருக்கிறது. பாறையில் வளரும் இனங்கள் வேண்டுமானால் வடக்கிலிருந்து பனி உருட்டிவந்த கருங்கல் உருண்டைகளையும், கல்லறைக் கற்களையும், பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்களையும், காங்கிரீட்டையும் தேடிப்போக வேண்டும். கருங்கல்லில் வளர்வது காங்கிரீட்டில் வளராது. இரண்டும் பத்தடி தூரத்தில் அருகருகே இருக்கும் ஊர் இது. ஊரின் வடக்கில் ஹீபர் டவுன் பாதுகாப்பு நிலம், தெற்கில் லிண்ட் ஷோர்ஸும் கிரான்பெரி சதுப்பும், கிழக்கு விளிம்பில் 1980களில் இயற்கை ஆர்வலர்கள் பணம் திரட்டி வாங்கிக் காத்த திக்சன் காட்டின் முதிய வெள்ளைப் பைன்கள். இவற்றுக்கு நடுவே 2021 கணக்கெடுப்பின்படி 1,38,000க்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். 2016இல் 412ஆம் நெடுஞ்சாலை ஹீபர் டவுனுக்குப் பக்கத்தில் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய பத்தாண்டில் அங்கே மரத்துக்கு மரம் எடுத்த மாதிரிகள் கையில் இருந்தால், சாலையின் பாதிப்பை இன்று நேராக அளந்துவிடலாம். அதைப்போல அடுத்த சாலைக்கு முன்னாலாவது செய்துவைக்க வேண்டும்.

ஆஷ் மரங்களின் கதி இன்னும் அவசரமானது. மரகத நிறத் துளைப்பான் வண்டு 2002இல் விண்ட்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் தெற்கு ஒன்ராறியோவின் ஆஷ் மரங்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. நகராட்சிகள் வெட்டித் தூளாக்கின. ஆஷ் பட்டை லைக்கன்களுக்கு மிகவும் உகந்த இடங்களுள் ஒன்று. மரத்தோடு அவையும் அரவை இயந்திரத்துக்குள் போயின. 2013 டிசம்பர் பனிப்புயலிலும் 2022 மே மாதச் சூறைக்காற்றிலும் இப்பகுதியில் விழுந்த கிளைகளுக்குக் கணக்கில்லை. கிளையுச்சியில் வளர்வதைத் தரையில் நின்று எடுக்க முடியாது. அதை மரமே கீழே போடும் நாட்கள் இவை. வெட்டிய மரத்திலிருந்தும் விழுந்த கிளையிலிருந்தும் எடுப்பதில் யாருக்கும் எதற்கும் நட்டமில்லை. சேகரிப்பே கூடாது என்போரின் வாதம் இங்கே வலுவிழக்கிறது.

எடுக்கும் முறை கடினமானதல்ல. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், கூரான கத்தி, கல்லில் ஒட்டியதற்குச் சுத்தியலும் உளியும், காகித உறைகள், பென்சில், குறிப்பேடு. பிளாஸ்டிக் பை ஆகாது. ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துவிடும். காய்ந்த லைக்கன் நொறுங்கும் என்பதால் சிறிது நீர் தெளித்து நெகிழ்த்தி எடுப்பார்கள். மடல் வகையைப் பட்டையோடு மெல்லச் சீவலாம். மேலோடாக ஒட்டும் வகைகளை அடித்தளத்தோடு சேர்த்துத்தான் எடுக்க முடியும். உள்ளங்கையின் பாதி அளவு போதும். ஓரிடத்தில் பத்துத் திட்டுகள் இருந்தால் ஒன்றிலிருந்து ஒரு பகுதி. ஒன்றே ஒன்று இருந்தால் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிட வேண்டும். உயிருள்ள மரத்தின் பட்டையில் கத்தி ஆழமாக இறங்கக் கூடாது. வீட்டில் காற்றாட உலர்த்தி, தாவரகத்துக்குள் போகுமுன் பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் சில நாட்கள் வைப்பார்கள். புத்தகப் பேனும் சிறு வண்டும் ஒரு பொட்டலத்தில் புகுந்தால் அலமாரி முழுதையும் தின்றுவிடும்.

அடுத்து இனங்காணல். இங்கே சமையலறைப் பொருளும் வரும். சலவை வெளுப்பான் ஒரு சொட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பது. இந்த இரண்டு சோதனைகளையும் துறைக்குக் கொண்டுவந்தவரும் அதே நைலாண்டர்தான், அதே 1866இல். பங்டீலியா ருடெக்டாவின் உட்சதை வெளுப்பானில் சிவக்கும். பார்மீலியா சல்காட்டாவின் உட்சதை பொட்டாசியத்தில் மஞ்சளாகிப் பிறகு சிவக்கும். சாந்தோரியாவின் செம்மஞ்சள் அதே பொட்டாசியத்தில் உடனே ஊதாவாக மாறும். பார்வைக்கு அதை ஒத்த கேண்டலேரியா மாறாது. ஆனால் சாந்தோரியாவின் நெருங்கிய உறவினங்களும் அதேபோல் ஊதாவாகும் என்பதால் சோதனை குடும்பத்தைச் சொல்லுமே தவிர ஆளைச் சொல்லாது. யசுஹிகோ அசஹினா 1930களில் சேர்த்த மூன்றாவது வேதிப்பொருள், பாரா ஃபினிலீன்டையமின், நச்சு. வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. இவற்றுக்கும் அடங்காததற்கு மெல்லடுக்கு வண்ணப்பிரிகை, நுண்ணோக்கியில் வித்துகளின் அளவு, கடைசியில் மரபணு வரிசை.

இவ்வளவும் செய்தபின்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. விவரச்சீட்டு. நாடு, மாகாணம், பிராந்தியம், ஊர், ஊருக்குள் எந்த இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்ட உயரம், சூழல் எப்படிப்பட்டது, எதன்மேல் வளர்ந்தது, நாள், எடுத்தவர் பெயர், அவருடைய வரிசை எண், பெயரிட்டவர் யார், எந்த ஆண்டில். தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் எழுதினால் பத்து மீட்டர் அளவுக்கு இடம் துல்லியப்படும். ‘மரத்தில்’ என்று எழுதுவது பாதி எழுதியதுபோல. சர்க்கரை மேப்பிளா, வெள்ளை ஆஷா, நின்ற மரமா, விழுந்த கிளையா, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று சொல்ல வேண்டும். நாளையும் மாதத்தையும் எண்களில் மட்டும் எழுதக் கூடாது. 03-04 என்பது கனடாவில் மார்ச்சா ஏப்ரலா என்று பின்னால் வருகிறவர் தலையைச் சொறிவார். பெயர் தப்பாக இருந்தால் ஒரு நிபுணர் பிறகு திருத்திக்கொள்வார். அவர் பழைய சீட்டைக் கிழிக்காமல் பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவார். இடம் எழுதாமல் விட்டால் யாராலும் திருத்த முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பொட்டலங்கள் பலவற்றில் ஒரு பெரிய நிலப்பரப்பின் பெயர் மட்டும் இருக்கிறது. அவற்றால் வகைப்பாட்டுக்குப் பயன் உண்டு. அந்த நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டால் அவற்றிடம் பதிலில்லை.

நம் வீடுகளிலேயே சீட்டில்லாத லைக்கன் பொட்டலம் ஒன்று இருக்கக்கூடும். கல்பாசி. செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்குப் போடுகிற அந்தக் கறுப்பும் வெளுப்புமான சருகு முழுக்க முழுக்க லைக்கன்தான். பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்ற இனத்தின் பெயரை அதற்குச் சொல்வது வழக்கம். யாழ்ப்பாணத்துக் கறித்தூளில் அது சேராது என்றாலும், ஸ்காபரோவிலிருந்து ஏஜாக்ஸ், விட்பி வரை தமிழர் மளிகைக் கடைகளில் தேடினால் கிடைக்கிறது. பொட்டலத்தில் விலையும் எடையும் அடைத்த தேதியும் இருக்கும். எந்த மலை, எந்த மரம், எந்த மாதம், யார் சுரண்டியது என்பது இருக்காது. பிரித்து லென்ஸில் பார்த்தால் ஒன்றல்ல, பல இனங்கள் கலந்திருப்பது தெரியும். இந்தியாவில் லைக்கன்களின் வணிகப் பயன்பாட்டைப் பற்றி லக்னோ தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் டி. கே. உப்ரேதியும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் எழுதியிருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு சில மில்லிமீட்டர் மட்டுமே வளரும் உயிரைச் சாக்குச் சாக்காகக் காட்டிலிருந்து இறக்குகிறோம்; எங்கிருந்து எவ்வளவு என்பதற்குச் சீட்டு இல்லை. உலர் தாவரகத்துக்காக உள்ளங்கையின் பாதி அளவு எடுப்பதைக் குற்றமென்று சொல்பவர் முதலில் இந்தச் சாக்குகளைப் பற்றிப் பேச வேண்டும்.

லக்னோவின் பெயர் வந்ததால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்திய லைக்கன் ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் தரணிதர் அவஸ்தி (1922–2011) வாழ்நாளெல்லாம் சேர்த்த தம் சொந்தத் தொகுப்பை அந்த நிறுவனத்துக்கே கொடுத்தார். நாட்டின் மிகப்பெரிய லைக்கன் தொகுப்பு இன்று அங்கே இருக்கிறது. 2010இல் கே. பி. சிங்கும் ஜி. பி. சின்ஹாவும் வெளியிட்ட பட்டியலில் இந்தியாவின் கணக்கு 2,300 இனங்களைத் தாண்டியது. தமிழ்நாட்டில் ஜி. என். ஹரிஹரன் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபடி சேர்வராயன் மலையின் லைக்கன்களை மற்றவர்களோடு சேர்ந்து பட்டியலிட்டார். சென்னை நகரத்துக்கு நடுவே இருக்கும் கிண்டி தேசியப் பூங்காவின் லைக்கன்களையும் பி. பாலாஜியோடு சேர்ந்து 2004இல் எழுதினார். மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவான அந்தக் காட்டுத் துண்டைச் சுற்றிப் பேருந்து ஓடுகிறது. நகரத்துக்குள் தேட என்ன இருக்கிறது என்ற கேள்விக்குக் கிண்டியே பதில். விட்பிக்கும் அது பொருந்தும்.

இலங்கையின் கதை வேறு விதம். பேராதனைத் தோட்டத்தை 1849 முதல் 1880 வரை நடத்திய ஜி. எச். கே. துவைட்ஸ் சேகரித்த லைக்கன்களை இங்கிலாந்தில் இருந்த லேய்டன் என்ற பாதிரியார் ஆராய்ந்து 1870ஐ ஒட்டி வெளியிட்டார். எடுத்தது கண்டியில், பெயர் வைத்தது இங்கிலாந்தில். கனடாவிலும் அதே காலத்தில் அதே வழக்கம்தான். பெல்வில்லில் பள்ளி ஆசிரியராக இருந்து பிறகு அரசுத் தாவரவியலாளரான ஜான் மக்கூன் நாடெங்கும் நடந்து சேர்த்ததை வெளிநாட்டு நிபுணர்களுக்கு அனுப்பிப் பெயர் கேட்டார். அவருடைய கனடியத் தாவரப் பட்டியலின் லைக்கன் பகுதி 1902இல் வந்தது. காலம் இப்போது சற்றுத் திரும்பியிருக்கிறது. இலங்கையிலேயே படித்து, அந்த நாட்டுக்கு 200க்கு மேற்பட்ட புதிய பதிவுகளை 2014இல் ஆந்த்ரே ஆப்ட்ரூட்டோடு சேர்ந்து வெளியிட்ட கோதமி வீரக்கோன் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் லைக்கன் தொகுப்பைக் காக்கிறார்.

புகைப்படமே போதாதா என்ற கேள்விக்கு வருவோம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களால் பெரிய நன்மை விளைந்திருக்கிறது. சாந்தோரியா போன்ற தெளிவான இனங்கள் பரவும் வேகத்தை எந்த உலர் தாவரகத்தைவிடவும் அவை விரைவாகக் காட்டுகின்றன. ஃப்ளாவோபார்மீலியா காபராட்டா போன்ற பெரிய மடல் இனங்களுக்கு நல்ல படம் போதும். ஆனால் கல்லிலும் பட்டையிலும் ஓடாக ஒட்டிய இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வித்தைப் பார்க்காமல் பெயர் சொல்ல முடியாது. படத்தில் வெளுப்பான் சொட்டு விட முடியாது; படத்திலிருந்து ஈயத்தையோ மரபணுவையோ பிரித்தெடுக்கவும் முடியாது. பூஞ்சைகளுக்கான மரபணு அடையாளப் பகுதி எது என்று 2012இல்தான் முடிவானது. அதற்கு முன் சேர்த்து வைத்த பொட்டலங்களை இன்று திறந்து, சேர்த்தவர் கேள்விப்பட்டிராத கேள்விகளை அவற்றிடம் கேட்கிறார்கள். படம் எடுத்த அன்று கேட்கத் தோன்றிய கேள்விக்கு மட்டுமே படம் பதில் சொல்லும்.

பழைய பொட்டலங்கள் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்பது வேறு கவலை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 8,25,000 மாதிரிகள் கொண்ட தன் உலர் தாவரகத்தை மூடப்போவதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. லைக்கன் வேதியியலுக்கு அடித்தளமிட்ட கல்பர்சன் தம்பதி பணியாற்றிய இடம் அது. பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கே இடமும் ஆளும் கட்டவில்லையென்றால் சிறியவற்றின் நிலை என்ன? ஒன்ராறியோவில் நமக்கு அருகே ராயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தின் பூஞ்சைத் தொகுப்பு இருக்கிறது. குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் தாவரகம் இருக்கிறது. ஒட்டாவாவின் தேசியத் தொகுப்பு ஆற்றுக்கு அப்பால் காட்டினோவில் காக்கப்படுகிறது. எங்கும் பெயரிடப்படாமல் காத்திருக்கும் பொட்டலங்கள் உண்டு. ஆர்வலர் ஒருவர் முன்னறிவிப்பின்றி ஒரு பெட்டி கொண்டுபோய் இறக்கினால் அது உதவியல்ல, சுமை. மேசையில் இடமில்லாத காப்பாளர் அதை மூலையில் வைப்பார், அங்கேயே இருக்கும்.

அனுமதி பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். லிண்ட் ஷோர்ஸ், ஹீபர் டவுன் போன்ற பாதுகாப்பு நிலங்களில் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது. மாகாணப் பூங்காக்களிலும் அப்படியே. கல்லறைக் கற்களில் கத்தியை வைக்கவே கூடாது. அங்கே அளவு நாடாவும் கேமராவும் மட்டும். கல்லில் ஆண்டு பொறித்திருப்பதால் லைக்கன் வட்டத்தின் விட்டத்தை அளந்தே வளர்ச்சி வேகத்தைக் கணக்கிடலாம். இந்த முறையை வகுத்த ஆஸ்திரியரான ரோலண்ட் பெஷல் பிற்காலத்தில் கிங்ஸ்டனின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில்தான் பணியாற்றினார். ஃபிஸ்கோனியா சப்பாலிடா போல ஒன்ராறியோவில் அழியும் நிலையில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனங்களும் இருக்கின்றன. ஐயம் வந்தால் தொடாமல் விடுவதே முறை.

யார் செய்வது? நிபுணர்கள் கைவிரல் எண்ணிக்கை; அவர்கள் வடக்குக் காடுகளுக்கும் அரிய இனங்களுக்கும் போகிறார்கள், போகத்தான் வேண்டும். வீட்டு வாசல் மேப்பிளைப் பார்க்க ஊர்க்காரர்தான் வேண்டும். ஸ்காபரோவிலிருந்து கிழக்கே நகர்ந்து ஏஜாக்சிலும் விட்பியிலும் வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களில் ஊரில் தாவரவியலோ விலங்கியலோ படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கையெழுத்து அழகு, பதிவேட்டுப் பழக்கம், பொறுமை மூன்றும் அவர்களிடம் உண்டு. உயர்நிலைப் பள்ளி முடிக்க 40 மணிநேரச் சமூக சேவை காட்டவேண்டிய பேரப்பிள்ளைகளும் அதே வீட்டில் இருக்கிறார்கள். ஆள்கூறு எடுக்கவும் தட்டச்சு செய்யவும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொடங்குவதாக இருந்தால் வரிசை இதுதான். முதலில் ஓர் உலர் தாவரகத்தின் காப்பாளருக்கு எழுதி, விட்பியிலிருந்து அவர்களுக்கு என்ன வேண்டும், எந்த வடிவில் வேண்டும் என்று கேளுங்கள். அடுத்து நில உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். சொந்த முற்றத்தில் நகராட்சி வெட்டப்போகும் மரம் இருந்தால் அதுவே நல்ல தொடக்கம், வெட்டுவதற்கு முதல் நாள் போய்ப் பாருங்கள். கத்தியை அதற்குப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். குறிப்பேட்டை இன்றைக்கே வாங்குங்கள்.